சின்ன வயிற்றோடு தூரப் பயணம்



கூட்டமைப்பிலிருந்து எங்கே கிளம்பினாலும் நம் முதல் கவலை சாப்பாடுதான். யார் புளிச்சோறு கட்டுவது, யார் இட்லிக்குப் பொடி தடவி எடுத்து வருவது, முறுக்கு எந்தக் குழுவினுடையது என்று ஒரு வாரம் முன்பே பேச்சு தொடங்கிவிடும். பஸ் பெருமாள்மலையைத் தாண்டுவதற்குள் பொட்டலம் பிரித்தாகிவிடும். யாராவது "எனக்கு வேண்டாம்" என்றால் விடமாட்டோம். "ஏன், எங்க கைப்பக்குவம் பிடிக்காதா?" என்று கேட்டே ஊட்டிவிடுவோம். அந்த அன்பினால் நம் உறுப்பினர் ஒருவரை நாங்களே படுக்க வைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மலைப்பூண்டு, மிளகு, காப்பித்தூள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு சென்னையில் ஒரு விற்பனைக் கண்காட்சிக்குப் புறப்பட்டோம். பழனி வழியாக இறங்கி, முருகனைக் கும்பிட்டுவிட்டு, திண்டுக்கல் போய் ராத்திரி ரயில் பிடிப்பதாக ஏற்பாடு. எங்களோடு மேல்மலைக் கிராமத்து அக்கா ஒருவரும் வந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் அக்கா என்றே எழுதுகிறோம். சில மாதமாகவே அக்கா மெலிந்துகொண்டு வந்தார். சர்க்கரை வியாதி முற்றிவிட்டது என்றார்கள் சிலர், வீட்டுக் கவலை என்றார்கள் சிலர். அவராக எதுவும் சொல்லவில்லை. நாங்களும் நேரில் கேட்கவில்லை, முதுகுக்குப் பின்னால்தான் பேசினோம்.

பழனியில் தரிசனம் முடிந்து பஸ் ஏறியதும் பஞ்சாமிர்த டப்பாவைப் பிரித்தோம். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். "சாமி பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லக்கூடாதுக்கா" என்று வற்புறுத்தி இரண்டு கரண்டி கொடுத்தோம். அவரும் மறுக்க முடியாமல் சாப்பிட்டார். பஸ் ஆயக்குடி தாண்டி சத்திரப்பட்டி வருவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடப்பு, வயிற்றில் முறுக்கிப் பிடிக்கிற வலி, கண் இருட்டுகிறது என்றார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டி பாட்டில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தோம். இன்னும் மோசமாயிற்று. ஒட்டன்சத்திரத்தில் எல்லோரும் இறங்கி, கழிவறை தேடி ஓடி, அப்புறம் ஒரு திண்ணையில் அவரைப் படுக்க வைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முகம் தெளிந்தது.

அப்போது சொன்னார்: "வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் செஞ்சிருக்கேன். எட்டு மாசம் ஆச்சு. சொன்னா, தின்னு தின்னு பெருத்துட்டு காசு குடுத்து வயித்தை அறுத்துக்கிட்டாள்னு பேசுவீகன்னு சொல்லல."

எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது. பேசியிருப்போம்தான்.

இது எந்த மாதிரி ஆபரேஷன்?

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2015-16 ஆய்வில் இது 31. ஆகவே இது யாரோ பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் இல்லை. ரேஷன் அரிசி சாப்பிடுகிற, தோட்டத்தில் களை எடுக்கிற பெண்களுக்கும் வருகிறது. எடையோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் சேர்ந்துகொள்ளும்போது சிலருக்கு டாக்டர்கள் இந்த அறுவை சிகிச்சையைச் சொல்கிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் செய்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்குக் குறுக்கு வழி என்று நினைப்பது தப்பு. ஆபரேஷனுக்குப் பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது என்று அக்கா சொல்வார்.

இதில் இரண்டு வகை அதிகம். ஒன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். இன்னொன்று 'பைபாஸ்'. இருதயத்துக்குச் செய்கிற பைபாஸ் வேறு, இது வேறு. இதில் இரைப்பையின் மேல்பக்கத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். நம் அக்காவுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை.

பஞ்சாமிர்தம் என்ன செய்தது?

கண்மாய்க்கு மதகு எப்படியோ, அப்படி இரைப்பையின் அடிவாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பிட்டதைக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் திறந்துவிடுவது அதன் வேலை. பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாடு அந்த மதகு வழியாகப் போவதில்லை. சாப்பிட்டது கடகடவென்று குடலில் இறங்கிவிடும்.

பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பாருங்கள். மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம். தண்ணீர் ஒரு சொட்டு சேர்ப்பதில்லை. அத்தனை இனிப்பு இருப்பதால்தான் குளிர்பெட்டி இல்லாமலே நாள் கணக்கில் கெடாமல் இருக்கிறது. இனிப்பு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் கிருமி பிழைக்கத் தண்ணீர் கிடைக்காது. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையும் இதேதான். டப்பாவுக்குள் காப்பாற்றுகிற இதே குணம் குடலுக்குள் எதிராகிவிடுகிறது. மதகில்லாமல் இறங்கிய இனிப்பு, உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. குடல் உப்பி வலிக்கிறது, பேதி ஆகிறது, ரத்தத்தில் நீர் குறைவதால் படபடப்பும் மயக்கமும் வருகிறது. சாப்பிட்ட அரை மணிக்குள் இது வரும். டாக்டர்கள் இதை 'டம்பிங்' என்கிறார்கள், குடலில் கொட்டிவிடுகிறது என்று அர்த்தம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அந்தத் தசை வளையம் இருக்கிறது, அதனால் இது குறைவு. ஆனாலும் வராது என்று சொல்ல முடியாது.

இந்த நேரத்தில் ஜூஸ் கொடுத்தது, எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றியது போல. பேசாமல் படுக்க வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இன்னொரு வகையும் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. இனிப்பு சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருகிற நடுக்கம், வியர்வை, குழப்பம். இதில் நிஜமாகவே ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும். விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் கையில் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 70-க்குக் கீழே இருந்தால், டாக்டர் முன்பே சொல்லித் தந்த அளவுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, தெளிந்ததும் முட்டையோ பருப்போ கொஞ்சம் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் ஆபரேஷனுக்குப் பின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தூரப் பயணம் கிளம்பவே கூடாது.

பிரசாதம்? கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரல் நுனியால் நாக்கில் தொட்டுவிட்டு, மீதியைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துப் போகிறார் அக்கா. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பசிக்காது, அதனால்தான் கடிகாரம்

ஆபரேஷனான புதிதில் பசியே தெரியாது. பசியைத் தூண்டுகிற சுரப்பு குறைந்துவிடுவதால் அப்படி. பயணத்தில் பேச்சு, வேடிக்கை, மூட்டை முடிச்சு என்று இருக்கும்போது ஐந்து மணி நேரம் சாப்பிடாமல் ஓடிவிடும். அப்புறம் தலை சுற்றும். அல்லது ஸ்டாண்டில் கிடைத்ததை அவசரமாக விழுங்கி நெஞ்சில் அடைக்கும். அக்கா இப்போது செல்போனில் இரண்டரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்க வைத்திருக்கிறார். மணி அடித்தால் ஒரு சின்னக் கிண்ணம், டீஸ்பூனால், ஒவ்வொரு வாயும் கூழாகும் வரை மென்று, இருபது நிமிடம். ஒரு வாய் கூடினாலும் அடைத்துக்கொள்ளும், அல்லது வெளியே வந்துவிடும்.

கொஞ்சமாகத்தான் உள்ளே போகும் என்பதால், போகிறது எதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முதலில் புரதம். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். நாம் கட்டுகிற புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, இட்லி எல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. ஒரு இட்லியில் புரதம் 2 கிராம் அளவுதான். இடத்தை அடைத்துக்கொள்ளும், வேலை செய்யாது.

இங்கே நம் சொந்தச் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல குழுக்கள் சத்துமாவு தயாரிக்கிறோம். அது குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் அதில் தானியம்தான் அதிகம், வெல்லமோ சர்க்கரையோ சேர்த்திருப்போம். 'சத்து' என்று பெயர் இருப்பதால் இவர்களுக்கும் நல்லது என்று கொடுத்துவிடாதீர்கள். முறுக்கும் சிப்ஸும் இன்னொரு வகைத் தொல்லை. ரொட்டியும் பரோட்டாவும் அடைத்துக்கொண்டு 'போதும்' என்று சொல்லிவிடும். முறுக்கு வாயில் கரைந்து சத்தமில்லாமல் இறங்கிவிடும். எவ்வளவு தின்றாலும் வயிறு நிறைந்ததாகத் தெரியாது. ரயிலில் ஒரு ராத்திரியில் ஒரு பாக்கெட் காலியாகும். குறைந்த எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

குளிரில் தின்பது, வெயிலில் தின்பது

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். கீழே வத்தலக்குண்டு இறங்கினால் வெயில் கொளுத்தும். இரண்டு மணி நேரத்தில் சீதோஷ்ணம் மாறுகிற இந்த மாதிரிப் பயணத்தில், சாப்பாட்டை எந்த வரிசையில் தின்பது என்பதும் முக்கியம். சீக்கிரம் கெடுகிறது மலை இறங்குவதற்குள். கெடாதது சமவெளியில். அக்காவின் பையை நாங்கள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது இதுதான்.

மேலே இருக்கும்போதே முடிக்க வேண்டியவை: அவித்த முட்டை ஒன்று, இதில் புரதம் 6 கிராம். ஓட்டோடு எடுத்துப்போய், சாப்பிடுகிற நேரத்தில்தான் உரிக்க வேண்டும். அடுத்தது பன்னீர். 50 கிராம் பன்னீரை உதிர்த்து, ஒரு சொட்டு எண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுப் புரட்டினால் 9 கிராம் புரதம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது பெரிய துணை. மூன்றாவது, தொங்கவிட்ட தயிர். ராத்திரி வெள்ளைத் துணியில் தயிரைக் கட்டித் தொங்கவிட்டால் காலையில் தண்ணீர் வடிந்து கெட்டியாக இருக்கும். உப்பு, பொடித்த சீரகம் போட்டு நாலு ஸ்பூன். நம் மலைக் குளிரில்கூட இவற்றைக் காலையில் கட்டி மதியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். காட்ரோடு வருவதற்குள் டப்பா காலியாக இருக்கட்டும்.

கீழே இறங்கிய பிறகு பொட்டுக்கடலைதான் ராஜா. வறுத்து, நைசாகப் பொடித்து, சலித்து, உப்பும் சுக்கும் ஒரு சிட்டிகை சேர்த்து ஈரமில்லாத டப்பாவில் வைத்தால் நாலு நாளானாலும் கெடாது. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 20 கிராம் அளவில் 4 கிராம் புரதம். கூழ் பதத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீரிலோ மோரிலோ கரைத்து டீஸ்பூனால் சாப்பிடலாம். எந்த ஊர் ரயிலிலும் நடக்கும், காசும் அதிகம் இல்லை. இதையே வெல்லம் போட்டு உருண்டை பிடித்தால் கதை மாறிவிடும்.

சுண்டல் கொண்டுபோகலாம், ஆனால் நம் வழக்கப்படி இல்லை. பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவிட்டு, தேங்காய் போடாமல் தாளிக்க வேண்டும். தேங்காய்தான் முதலில் ஊசிப்போகும். கால் கப் போதும், 4 கிராமுக்குப் பக்கம் கிடைக்கும். வாயு சேருகிறவர்கள் கொண்டைக்கடலையை விட்டுவிட்டுப் பாசிப்பயறோடு நிற்கட்டும். பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து உள்ளங்கை அகலத்துக்குச் சுட்ட அடை மதியம் வரை தாங்கும். வேர்க்கடலையில் புரதம் நிறைய, கொழுப்பு அதைவிட நிறைய. ஆபரேஷனாகிச் சில மாதம் கழிந்தவர்கள் ஒரு சின்னக் கைப்பிடி, நன்றாக மென்று சாப்பிடலாம்.

கூட்டிப் பாருங்கள். முட்டை 6, பன்னீர் 9, பொட்டுக்கடலை 4, சுண்டல் 4, ஒரு டம்ளர் சர்க்கரை இல்லாத பால் 6, சாயங்காலம் கடையில் ஒரு முட்டை ஆம்லெட் 6. மொத்தம் 35 தான். 60-க்கு எட்டவில்லை. அதனால்தான் டாக்டர்கள் புரதப் பொடி எழுதிக் கொடுக்கிறார்கள். விலை கடிக்கும். கடையில் மினுமினுப்பாக இருக்கிற டப்பாவை வாங்கிவிடாமல், டாக்டர் சொன்னதா, சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பயணத்துக்கு டப்பாவோடு தூக்க வேண்டாம். ஒரு வேளை அளவைத் தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டால் போதும்.

இதெல்லாம் கெட்டி ஆகாரத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு. ஆபரேஷனான முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், அப்புறம் கூழ், அப்புறம் மசித்தது என்று படிப்படியாகத்தான் ஏறுவார்கள். எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் பரிசோதனைக்குத் தவிர வேறு தூரப் பயணமே வேண்டாம். போயே ஆக வேண்டுமானால் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்தபடி பாதத்தை மடக்கி நீட்ட வேண்டும். காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அப்போது அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ வழியில் எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

வழிக் கடைகளில்

கொடைக்கானலில் காலடி வைத்தாலே சாக்லேட்தான். அது வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஏரிக்கரையில் விற்கிற வேகவைத்த சோளம், மிளகாய்ப்பொடி தூவிய கேரட், இரண்டும் நல்ல பொருள்தானே என்று தோன்றும். நார் மெல்லப்படாமல் போய்ச் சின்ன வயிற்றின் வாசலில் சிக்கிக்கொள்ளும். முதல் சில மாதங்களுக்கு ஒதுங்கியிருப்பது நல்லது. பிரட் ஆம்லெட் கடையில் பிரட் இல்லாமல் ஆம்லெட் மட்டும் கேளுங்கள், மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளைகிற வெண்ணெய்ப்பழம் மெத்தென்று இருக்கும். இரண்டு ஸ்பூன் உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிடலாம். அதில் கொழுப்பு அதிகம், புரதம் கொஞ்சம்தான். பாலும் சர்க்கரையும் அடித்த ஜூஸாகக் குடித்தால் பஞ்சாமிர்தத்துக்கு அண்ணன். விருப்பாச்சி மலைவாழை நம் மலையின் பெருமை, 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பழம். ஆனாலும் முழுப்பழம் வேண்டாம், புரதம் சாப்பிட்ட பிறகு இரண்டு துண்டு. ஆயக்குடிக் கொய்யாவும் அப்படித்தான், தோலையும் விதையையும் எடுத்துவிட்டு.

டீ குடிக்காமல் நம்மால் இருக்க முடியாது. சர்க்கரை இல்லாமல் அரை கிளாஸ் குடிக்கலாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை போடுகிற நேரத்துக்குப் பக்கத்தில் டீ கூடாது, சத்து உடம்பில் சேராது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவிலும் இரண்டு மணி நேரம் விட வேண்டும். ஊருக்குப் போகிற நாலு நாளுக்கு மாத்திரைக்கு லீவு விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. இவர்கள் அப்படி விடக்கூடாது. இந்தச் சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் வேண்டும். கேஸ் அடைத்த சோடா, கலர் எதுவும் ஆகாது.

தண்ணீரும் கழிவறையும்

எழுத வேண்டும் என்று நாங்கள் நினைத்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

பஸ் பயணம் என்றால் நாம் தண்ணீர் குடிக்க மாட்டோம். எல்லோருக்கும் காரணம் தெரியும். ஆம்பளைகள் வளைவில் இறங்கி ஓரமாக நின்றுவிடுவார்கள். நாம் வீட்டில் கிளம்பும்போது போனதுதான், சேருமிடம் வரை அடக்கிக்கொள்வோம். அதற்குப் பயந்து காலையிலிருந்தே நாக்கை நனைப்பதோடு சரி. சாதாரண உடம்புக்கே இது சிறுநீர்ப் பாதையில் எரிச்சலும் கிருமியும் கொண்டுவரும். சின்ன வயிறு உள்ளவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து. நாம் மத்தியானம் ஒரே மூச்சில் ஒரு செம்பு குடித்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம். அவர்களால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மடக்குக்கு மேல் குடிக்க முடியாது. விட்டுப்போனதைப் பிடிக்கவே முடியாது. ஆபரேஷன் ஆனவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதற்கு உடம்பில் நீர் வற்றிப்போவது ஒரு முக்கியக் காரணம்.

நாளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு என்று போனால்தான் அது நடக்கும். மலைக் குளிரில் தாகமே எடுக்காது, அதை நம்பாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சாப்பிடும்போது மட்டும் தண்ணீர் கூடாது. சாப்பாட்டைக் கழுவிக்கொண்டு கீழே இறக்கிவிடும். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்கலாம். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் வெதுவெதுப்பாக எடுத்து வாருங்கள்.

கழிவறைக்கு என்ன செய்வது? எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கூட்டமாகப் போகும்போது, வண்டி பேசுகிற அன்றைக்கே இரண்டு மணிக்கு ஒரு தடவை நல்ல கழிவறை உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவிடுவது. போன தடவை வண்டி பேசும்போது அப்படிச் சொன்னோம். டிரைவர் தம்பி முதலில் முணுமுணுத்தார். நிறுத்திய முதல் இடத்தில் அக்கா மட்டும் இல்லை, பதினாறு பேரும் இறங்கி வரிசையில் நின்றோம்.

வளைவில் குமட்டினால்

நம் மலைப்பாதையில் குமட்டல் சகஜம். ஆனால் சின்ன வயிற்றுக்கு அடிக்கடி வாந்தி நல்லதில்லை, தையல் ஆறாத புதிதில் கேட்கவே வேண்டாம். முன்பக்கச் சீட்டில் உட்காருங்கள், செல்போனைப் பார்க்காமல் தூரத்தில் பாருங்கள். வயிறு காலியாக இருந்தாலும் குமட்டும், நிறைந்திருந்தாலும் குமட்டும். ஆகவே கிளம்புவதற்கு ஒரு மணி முன் அரைக் கிண்ணம். கருப்பட்டி போடாத சுக்குத் தண்ணீர் ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொள்ளலாம். வாந்தி மாத்திரை எது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு நாள் முழுக்க வாந்தி நிற்காமல் போனால் அது பஸ் குமட்டல் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. பல நாள் வாந்தி தொடர்ந்தால் பி1 என்கிற வைட்டமின் வற்றிவிடும். நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். நரம்புக்கு நிரந்தரக் கேடு வரலாம். அங்கே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே, "இவருக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கு, பி1 ஊசி போடணுமா பாருங்க" என்று கூட இருப்பவர்கள் சொல்ல வேண்டும். கூட இருப்பவர்களுக்கு ஆபரேஷன் விஷயம் தெரிந்திருந்தால்தானே சொல்ல முடியும்?

அதற்காக அக்கா ஒரு சீட்டு எழுதி முந்தானை முடிச்சுப் பர்ஸில் வைத்திருக்கிறார். ஆபரேஷன் பெயர், தேதி, டாக்டர் போன் நம்பர், போடுகிற மாத்திரைகள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள். வழியில் இடுப்பு வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று மெடிக்கல் கடையில் கேட்டால் பெரும்பாலும் இந்த வகை வலி மாத்திரைதான் தருவார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இது இணைப்பு வாயில் புண்ணை உண்டாக்கும்.

தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள்

பழனிக்கு நடந்து போவோரில் இந்த ஆபரேஷன் ஆனவர்களும் இருக்கக்கூடும். வழியெல்லாம் பந்தல் போட்டுப் பானகமும் சர்க்கரைப் பொங்கலும் கொடுப்பார்கள். பானகம் என்பது வெல்லத் தண்ணீர், பஞ்சாமிர்தத்தைவிட வேகமாக இறங்கும். பந்தலில் நீர்மோர் கேளுங்கள், கிடைக்கும். பொட்டுக்கடலை மாவு மடியில் இருக்கட்டும். விரதம் என்று நாள் முழுக்க வெறும் வயிற்றோடு நடப்பதை டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

திரும்பி வரும்போது

போகும்போது பை நிறையக் கட்டிக்கொண்டு போகிறோம், திரும்பும்போது யோசிப்பதே இல்லை. சென்னையிலிருந்து ராத்திரி பயணம் செய்து விடியற்காலையில் கொடைரோட்டில் இறங்கும்போது அக்காவின் டப்பாக்கள் எல்லாம் காலி. மலையேறுகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. எங்களில் ஒருவர் போய் டீக்கடையில் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர் வாங்கி, அரை டம்ளராக ஆற்றிக் கொண்டுவந்தார். இன்னொருவர் மூட்டையைப் பிரித்து, கண்காட்சியில் விற்காமல் மீந்த எங்கள் குழுப் பொட்டுக்கடலைப் பாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்தார். அக்கா அதில் ஒரு ஸ்பூன் எடுத்து மென்றுவிட்டு, "வறுத்தது பத்தலடி, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் செவக்க விடுங்க" என்றார்.